லீவு நாளுக்கு ஒரு பூஜ்ஜியம்

பார்சல் கிடங்கில் அவளுக்குப் பெயர் படக்காரி. சினிமாவுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கீழே பார்சல் ஓடும் பெல்ட்டில் நிற்பவர்கள் யார் எத்தனை பார்சலைப் பிரித்து அனுப்பினார்கள் என்ற கணக்கை, மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடாகவும் கட்டமாகவும் வட்டமாகவும் போட்டு மேனேஜருக்குக் கொடுப்பது அவள் வேலை. கீழே இருப்பவர்களுக்கு அதெல்லாம் படம். படம் போடுகிறவள் படக்காரி. முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அவள் கணவரும் அதே கிடங்கில்தான், கீழே கடைசி பெல்ட்டில். ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே மாதிரி டிபன் பாக்ஸ் வைத்திருப்பார்கள், நுழைகிற வாசல் மட்டும் வேறு. அவர் அதிகம் பேசாத மனிதர். வீட்டில் நாலு வார்த்தை பேச வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும். ஆனால் வேலையில் கை நிற்காது. அவருடையது ஒப்பந்த வேலை. அவ்வப்போது மேலிடத்துக்கு ஒரு பட்டியல் போகும். அதில் சிவப்பில் இருப்பவர்களுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாது. அவள் ஒருத்தியின் சம்பளத்தில் அந்தக் குடும்பம் ஓடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

படம் போடும் மென்பொருளில் புது வெர்ஷன் வந்தபோது மேனேஜர் எங்கோ போய் அதன் விளக்கக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இனிமேல் வாராவாரம் தாளில் எடுத்துக் கொடுக்கும் வேலையே இல்லை. பெல்ட்டுக்கு நேர் எதிர்ச் சுவரில் பெரிய ஸ்க்ரீன். அதில் டாஷ்போர்டு என்ற கணக்குப் பலகை தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, பக்கத்தில் ஏறுகிற அம்போ இறங்குகிற அம்போ. கடைசியில் இருப்பவர்களின் பெயர் தானே சிவப்பாகிவிடும். எத்தனை கெட்டிக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கடைசி என்று யாராவது இருந்துதான் ஆக வேண்டும் என்ற சின்ன விஷயம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பழைய வெர்ஷனில் ஒருவர் லீவு போட்டால் அந்த நாட்களில் கோடு இருக்காது. இடம் காலியாக இருக்கும், லீவு என்று பார்த்தவுடன் தெரியும். புதியதில் அதற்கு மூன்று வழிகள் வைத்திருந்தார்கள். காலியாகவே விடலாம். இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்க்கலாம். அல்லது அந்த நாட்களைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளலாம். படக்காரி வழக்கம்போலக் காலியாக விட்டாள். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். பல் போன வாய் மாதிரி இருக்கிறது, இதையா சுவரில் மாட்டுவது என்று கேட்டார். முனைகளைச் சேர்த்துக் காட்டினாள். வராதவன் வந்த மாதிரி ஆகிவிடும், ஆடிட்டர் என் கழுத்தைப் பிடிப்பான் என்றார். போய்த் தொலையட்டும் என்று மூன்றாவதைத் தட்டினாள். கோடுகள் தரைக்குப் போய்ப் போய் வந்தன. அதுவும் பிடிக்கவில்லை. அதற்கும் மென்பொருளில் மருந்து இருந்தது. கோட்டை வழுவழுப்பாக்கும் வசதி. அதையும் தட்டினாள். பள்ளமெல்லாம் மூடிக்கொண்டு, கோடுகள் அலை அலையாக அழகாக ஓடின. மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பள்ளத்தை மூட மண் வேண்டும். அந்த மண்ணை வழுவழுப்பு வசதி பக்கத்து நாட்களில் இருந்து வெட்டி எடுத்தது. ஒருவர் லீவு முடிந்து வந்து எப்போதும்போல வேலை செய்தாலும், அவர் கோடு நாள் கணக்கில் தாழ்ந்தே கிடக்கும். பார்ப்பவர்களுக்கு லீவு தெரியாது. ஆள் தளர்ந்துவிட்டார் என்பதுதான் தெரியும். பூஜ்ஜியம், வழுவழுப்பு என்ற இரண்டு வசதிகளும் தனித்தனியாக நல்ல பிள்ளைகள்தான். சேர்ந்தால் இப்படி ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை.

முதலில் சிவந்தது சிரிப்பக்கா. படக்காரியின் கணவருக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காக வேலை செய்தவள். கிடங்கே அதிரச் சிரிப்பாள். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு, முறைப்படி லீவு எழுதிக் கொடுத்து, உடம்பு தேறியபின் வந்தாள். எதிர்ச் சுவரில் அவள் கோடு சரிந்து கிடந்தது. பக்கத்தில் இறங்குகிற அம்பு. அவள் அதைப் பார்த்துப் பார்த்து வேகமாகச் செய்தாள். கோடு எழுந்திருக்கவில்லை. பட்டியல் போயிற்று, அவளும் போனாள். ஆபரேஷன் ஆன உடம்பு, பாவம் என்ன செய்யும் என்று படக்காரி மாடியில் இருந்து மனதார வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் கணவருடைய அண்ணன் படுத்த படுக்கையானார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. இவர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். அண்ணன் பிழைக்கவில்லை. எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தவர் முன்னைவிடக் குறைவாகப் பேசினார். மறுநாளே வேலைக்கும் போனார்.

சில நாட்கள் ஆகியும் அவர் கோடும் சரிந்தே கிடந்தது. துக்கத்தில் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று படக்காரி நினைத்துக்கொண்டாள். முதலில் பதமாகச் சொன்னாள். பிறகு சாப்பிடும்போது சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், படுக்கும்போது சொன்னாள். செத்தவரை நினைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறவர்களைத் தெருவில் விடப் போகிறீர்களா என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவர் தட்டில் இருந்து கையை எடுத்தார்.

"நான் எப்பவும் போலத்தான் செய்யறேன்."

"ஸ்க்ரீன் பொய் சொல்லுமாங்க?"

மறுநாளிலிருந்து அவர் டீக்குக்கூட நகராமல் வேலை செய்தார். தூக்கக்கூடாத பெட்டிகளைத் தனியாகத் தூக்கினார். ராத்திரி முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவள் தைலம் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போதும் அவளுக்கு அந்தக் கோட்டைப் பற்றித்தான் கவலை.

பட்டியல் போகிற வாரம் வந்தது. காலையில் ஸ்க்ரீனைத் திறந்தால் அவர் பெயர் சிவந்திருக்கிறது. இத்தனை உழைத்தும் எப்படி என்று முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. வழுவழுப்பை நிறுத்திப் பார்த்தாள். அலை மறைந்து பழைய பல் பல்லான கோடு வந்தது. அவர் வந்த நாட்களிலெல்லாம் கோடு எப்போதும் இருக்கும் உயரத்தில் இருந்தது, கடைசி நாட்களில் அதற்கும் மேலே. நடுவில் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் மட்டும் தரையோடு தரையாக, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். அவள் கையால் தட்டிய வழி. பொய் சொன்னது அவர் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவமானத்தில் காது சுட்டது.

ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மனிதர் கெட்டவர் இல்லை, பயந்தவர். இனிமேல் லீவு நாட்களைக் காலியாகவே விட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். உங்கள் வீட்டுக்காரர் பெயரைத் தகவல் பிழை என்று எழுதி நானே எடுத்துவிடுகிறேன் என்றார். இதற்கு முன்னால் போனவர்கள், என்று அவள் ஆரம்பித்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பேரை எடுத்துடலாம்மா. பழசைக் கிளறினா முதல்ல போறது நீங்களும் நானும்தான்."

அவள் தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பெயர்தான். சிரிப்பக்காவின் முகம் மனதில் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை தப்பித்துவிட்டது, இனிமேல் பயமில்லை என்று சொல்லும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவளைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"சிரிப்பக்காவும் லீவுலதானே இருந்தா?"

அவள் அவர் கையை விட்டாள்.

"நான் பக்கத்துலயே நின்னேன். அவ கை ஓடுச்சு. என் கண்ணால பாத்தேன். ஆனா ஸ்க்ரீனைப் பாத்துட்டு, ஆமா, மெதுவாத்தான் செய்யறா போலன்னு நானும் நெனச்சேன்." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "நீ போய் அவகிட்ட சொல்லிட்டு வா. அப்புறம்தான் நான் வேலைக்குப் போவேன்."

சொன்னால் வெளியே பரவும், பரவினால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று அவள் கெஞ்சினாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை பஸ் நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு அவள் செருப்பை மாட்டினாள்.

சிரிப்பக்கா இருந்தது நகரத்தின் மறுகோடியில். அவள் அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் படி துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியாகக் குனிந்து துடைத்துவிட்டு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். படக்காரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரர் சௌக்கியமா, அவர் அண்ணன் இறந்துவிட்டாராமே, வர முடியவில்லை என்று விசாரித்தாள். அந்த விசாரிப்பைத் தாங்குவதுதான் படக்காரிக்குக் கஷ்டமாக இருந்தது. ஈரமான படியில் நின்றபடியே சொன்னாள். பூஜ்ஜியத்தைச் சொன்னாள், வழுவழுப்பைச் சொன்னாள், தான் தட்டியதைச் சொன்னாள். தன் கணவர் பெயரை எடுத்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

சிரிப்பக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிய வேண்டிய பாதி புரிந்துவிட்டது.

"அப்போ நான் மெதுவாச் செய்யலையா?"

"இல்லக்கா. நீங்க எப்பவும் போலத்தான் செஞ்சீங்க."

"எல்லார்கிட்டயும் நானே சொன்னேனே. ஆபரேஷனுக்கு அப்புறம் என் கைக்குப் பலமில்ல, என்னால முன்ன மாதிரி முடியலன்னு நானே சொன்னேனே." துடைக்கும் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "வேற கிடங்குல கூப்பிட்டாங்க. பெல்ட் வேலைதான். நான்தான் முடியாதுன்னுட்டேன்."

படக்காரி அழத் தொடங்கினாள். அழுதால் ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும், நிறுத்த முடியவில்லை. சிரிப்பக்கா அவளைத் தேற்றவும் இல்லை, வையவும் இல்லை. வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, துடைத்த படியில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு செய். என் பொண்ணு இப்போ வந்துருவா. அம்மாவுக்கு இனிமே முடியாதுன்னு படிப்பை விட்டுட்டுக் கடையில நிக்கறா. அவகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, வீம்புக்குச் சொல்றேன்னு நெனப்பா."

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ படியேறி வந்தார்கள். படக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் வார்த்தையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.