குளிருக்குச் சப்பாத்து வாங்க வந்த பெண்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு சப்பாத்துக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கடைக்குத் தனியாக ஒரு கூட்டம் வரும். கனடாவுக்கும் நோர்வேக்கும் போகிறவர்கள். வெளியே வியர்த்துக் கொட்டும். உள்ளே வந்து கம்பளி வைத்த பூட்ஸ் கேட்பார்கள். பனியை டிவியில் மட்டும் பார்த்தவர்கள் முதலில் தேடுவது அழகைத்தான். அவர்களை முதலாளி என்னிடம் அனுப்பிவிடுவார். "அந்தப் பிள்ளையைக் கேளுங்கோ. மலைநாட்டுப் பிள்ளை, குளிர் தெரியும்."

எனக்குத் தெரிந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குளிர். ஜனவரி விடியலில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவள் நான். கால்விரல்கள் சிவந்து வீங்கும். அந்தக் காலை நேரே அடுப்புக்கு முன்னால் நீட்டினால் அரிப்பில் உயிர் போகும், தோல் வெடிக்கும். துடைத்து, துணி சுற்றி, தானாகச் சூடேற விடவேண்டும். கடைக்கு வருகிறவர்களுக்கும் இப்படிப் பட்டறிந்ததைத்தான் சொல்வேன். சாயங்காலம் வாங்க, அப்போதுதான் கால் தன் முழு அளவுக்கு ஊதியிருக்கும். அங்கே போடப்போகிற தடித்த சொக்ஸோடு போட்டுப் பாருங்க. விரலை உள்ளே ஆட்ட முடியவேண்டும். நைலோன் வேண்டாம். ஈரச் சொக்ஸை ஒரு நிமிடமும் காலில் வைக்காதீங்க.

அந்த இருவரும் வந்தது டிசம்பரில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். அவனுக்கு முப்பத்தைந்து இருக்கும். கனடாவில் இருந்து லீவில் வந்தவன். போன வருடம் கட்டிய மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது, கூட்டிக்கொண்டு போகப்போகிறான். இதையெல்லாம் அவனே சொன்னான்.

"வெள்ளிக்கிழமை ஃப்ளைட். இவவுக்கு ஒரு பூட்ஸ் வேணும். சைஸ் அஞ்சு."

அவளைக் கதிரையில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். வலது காலில் கடைசி இரண்டு விரல்களும் கறுத்துப்போயிருந்தன. நகங்கள் இல்லை. புறங்காலில் அரைவட்டமாக ஒரு காயம், விளிம்பு கத்தியால் கீறியது போலத் துல்லியமாக இருந்தது. சப்பாத்து விற்கிறவளுக்கு அந்த வடிவம் தெரியாமல் போகுமா? ஆம்பிளைச் சப்பாத்தின் குதி.

"என்னாச்சு தங்கச்சி?"

"கதவு அடிச்சது," என்றாள் அவள்.

"படியில வழுக்கினவ," என்றான் அவன், அதே நேரத்தில்.

நான் உள்ளே போய் ஆறரை சைஸில், முன்பக்கம் அகலமான, கனத்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தேன். அவன் முகத்தைச் சுளித்தான்.

"என்ன இது, ரோட்டு வேலைக்குப் போறவளின்ட மாதிரி? எயார்போர்ட்டில என்ட ஆக்கள் வந்து நிப்பினம்." சுவர்த் தட்டில் இருந்த கூர்மூக்குக் கறுப்பு பூட்ஸைத் தானே எடுத்தான். குதி உயர்ந்தது. சைஸ் ஐந்து.

"அண்ணே, வீங்கின காலுங்க. இறுக்கிப் போட்டா குளிர்ல ரத்தம் ஓடாது. வெரல் செத்துப்போகும்."

"உன்னட்ட ஆர் கேட்டது?"

அவன் அவள் முன்னால் முழங்காலிட்டான். வீதியில் இருந்து பார்த்தவர்களுக்கு, மனைவிக்குச் சப்பாத்துப் போட்டுவிடுகிற நல்ல புருஷனாகத் தெரிந்திருக்கும். கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பூட்ஸைத் திணித்தான். அவள் சால்வை நுனியை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அதையும் மீறி, "ஐயோ நோகுது, விடுங்கோ, நோகுது" என்று கத்தினாள். அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பூட்ஸ் வாயில் இருந்த வெள்ளைக் கம்பளி சிவந்தது.

அவள் காலை உதறினாள். பூட்ஸ் கழன்று அவன் வாயில் பட்டது. அவன் எழுந்து புறங்கையால் அறைந்த அறையில் அவள் தலை நிலைக்கண்ணாடியில் மோதியது. கண்ணாடி வெடித்தது. அதோடு விட்டானா? சப்பாத்துக் காலைத் தூக்கி, அதே புறங்காலில், அதே இடத்தில் மிதித்தான்.

என் கையில் அந்த ஆறரை சைஸ் பூட்ஸ் இருந்தது. முழுப்பலத்தோடு அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து இரத்தம் என் சட்டையில் தெறித்தது. அவன் என் கூந்தலைப் பிடித்து நெற்றியைத் தட்டின் இரும்பு விளிம்பில் இடித்தான். இரண்டாம் தரம் இடிக்க முன் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் பிய்ந்து வாயில் வந்தது. பெட்டிகள் எங்கள் மேல் சரிந்து விழுந்தன. அவற்றில் கால் சறுக்கி அவன் குப்புற விழுந்தான். வலது கை தரையில் விரிந்து கிடந்தது.

அந்தக் கையை மிதித்தேன். ஒரு மிதியோடு அவன் அடங்கிவிட்டான். நான் நிறுத்தவில்லை. மூன்றாம் மிதியில் காய்ந்த குச்சி முறிவது போலச் சத்தம் கேட்டது. கோபத்தில் கண் தெரியாமல் செய்தேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது பொய். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது ஒரு நிம்மதிகூட வந்தது.

முதலாளி பின்னறையில் இருந்து ஓடிவந்து என்னை இடுப்பில் பிடித்து இழுத்தார். "போதும் பிள்ளை! விடு! செத்துப்போவான்!"

பொலிஸ் நிலையத்தில் மூன்று பேரையும் ஒரே வாங்கில் உட்காரவைத்தார்கள். எனக்கு முகமெல்லாம் இரத்தம். நான் பைத்தியம் என்றும், காரணமே இல்லாமல் பாய்ந்தேன் என்றும் அவன் நல்ல சிங்களத்தில் சொன்னான். கடையின் கமரா கல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளியோ கடைசியில் நான் மிதித்ததைத்தான் கண்டவர். இனி அவள் வாயில்தான் எல்லாம் இருந்தது. அவள் குனிந்தபடி இருந்தாள்.

அவன் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னான்: "வாயைத் திறந்துபார். உன்ட தம்பியைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் என்ன ஆகுதெண்டு தெரியும்."

எழுதிக்கொண்டிருந்த பெண் பொலிஸுக்குத் தமிழ் விளங்காது. நான் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனையை வைத்தார். எழுந்து வந்து அவள் முன்னால் குந்தி, காலைப் பார்த்தார்.

"கவுத மேக கெரே?" யார் இதைச் செய்தது?

அவள் காலைத் தூக்கி வாங்கின் மேல் வைத்தாள். "மெயா," என்று அவனைக் காட்டினாள். "தெபாரக்." இவர்தான், இரண்டு தரம். தனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவோடு முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, சொல்லுங்கோ. இவர் வந்து பதினொரு நாள். நாலாம் நாளில இருந்து அடிக்கிறார். வெள்ளிக்கிழமை நான் போகமாட்டன்."

வெள்ளிக்கிழமை அவனும் போகவில்லை. அவன் மேல் ஒரு வழக்கு, அவன் கைக்காக என் மேல் ஒரு வழக்கு. நெற்றியில் ஏழு தையலோடு நானும் நீதிமன்ற வாசலில் பல நாள் நின்றேன். அவன் வக்கீல் சமாதானத்துக்கு வந்தார், இரண்டு வழக்கும் அப்படி முடிந்தன. என்னை எச்சரித்து விட்டார்கள். விவாகரத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டு அவன் கனடாவுக்குத் திரும்பினான். தம்பியின் ஸ்பொன்சரும் அதோடு போயிற்று. தம்பி அவளோடு கதைப்பதில்லை. அவளுடைய சின்ன விரல் பழுத்து, அதை எடுக்கவேண்டி வந்தது.

முதலாளி நல்ல மனுஷன். ஆனாலும் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா ஆக்கள் உன்னைப் பார்க்கப் பயப்படினம், பிள்ளை." நான் நுகேகொடையில் வேறு கடைக்கு மாறினேன்.

அடுத்த வருட மழைக்காலத்தில் அவள் என்னைத் தேடி அங்கே வந்தாள். கிருலப்பனையில் ஒரு பல் வைத்தியரிடம் வேலையாம். ஈரத்தில் நடந்து தழும்பு வெடித்திருந்தது. காலைத் துடைத்து, விரலில்லாத இடத்தில் பஞ்சு வைத்து, மெத்தென்ற மூடிய சப்பாத்து ஒன்றைப் போட்டுவிட்டேன். எழுந்து நடந்து பார்த்தாள்.

"அக்கா, அவன்ட ரெண்டு விரல் இன்னும் மடங்காதாம்," என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை நினைத்து அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை எனக்கு என் மேலேயே பயமாக இருந்தது.