தொண்டை கட்டிய நாளில் கிடைத்த பதில்

கர்த்தர் எனக்குச் செய்ததை அவருடைய பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதிலும் நான் எதையுமே சொல்லாமல் இருந்து பழகியவள் இல்லை என்பது நம் சபைக்கே தெரியும்.

போன வருடம் அக்டோபர் கடைசி. மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை. அம்பத்தூரில் ஒரு தர்ம மருத்துவமனையின் மாடி அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எதிரே மேசைமேல் எட்டுத் தாள்கள். எட்டும் சிவப்பாக இருந்தன.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஹெலன். ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சாமுவேல் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் பதினாறு வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சர். பெண்கள் ஐக்கியத்தில் யாருக்கு மனக்கஷ்டம் என்றாலும் "ஹெலன் அக்காகிட்டப் போ" என்பார்கள். வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வேன், புத்தி சொல்வேன், தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவேன். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் முடித்துவிடுகிறேன் என்று அப்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல இடம் கொடுத்திருந்தால்தானே!

ஆகவே மனநல ஆலோசகராக வேண்டும் என்று ஆசை வந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்பத்திரண்டு வயதில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. படிக்கச் சேர்ந்தேன். "உனக்கென்ன, பேசத்தானே போற? அது உனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் வீட்டுக்காரர். முதல் வருடப் பாடங்களை எல்லாம் நன்றாகவே எழுதினேன்.

இரண்டாம் வருடம்தான் வினை வந்தது. இனி அந்த அம்பத்தூர் மருத்துவமனையில் பயிற்சிக்காக நிஜ மனிதர்களோடு உட்கார வேண்டும். அவர்கள் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து, அவர்கள் சொன்னதையும் நாம் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் தாளில் எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். எனக்கு மேற்பார்வையாளர் நித்யா மேடம். முப்பத்தோரு வயது. என் கடைசித் தங்கையைவிடச் சின்னவர்.

என்னிடம் வந்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். இதை உங்களிடம் பகிரலாமா என்று அவரிடமே கேட்டேன். "தாராளமா சொல்லுங்க மேடம், எனுக்கு இன்னா" என்றார். நாலு மாதமாக அவர் வண்டியைத் தொடவில்லை. தூக்கமும் இல்லை. அவர் அக்காதான் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

முதல் நாள் முடிகிற நேரத்தில் பழக்கதோஷத்தில், "கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டேன். அவர் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். பாவம், மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டார். பதிவைக் கேட்ட நித்யா மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "உங்க நம்பிக்கை உங்களுக்கு பலம், ஹெலன் அக்கா. அதை அவர் கேட்டாரா?" என்றார். கேட்கவில்லைதான். ஜெபத்தை நிறுத்தினேன். பேச்சை நிறுத்த முடியவில்லை.

மூன்றாவது வாரம்தான் அந்த எட்டுத் தாள்கள். நான் பேசியதை எல்லாம் சிவப்பிலும் அந்த அண்ணன் பேசியதை நீலத்திலும் நித்யா மேடம் கோடு போட்டிருந்தார்.

"நீலத்தைத் தேடிப் பாருங்க" என்றார்.

தேடினேன். "ம்." "சரிங்க மேடம்." "ஆமாங்க மேடம்." அவ்வளவுதான் நீலம். மற்றதெல்லாம் நான். தைரியமாக இருப்பது எப்படி, காலையில் நடப்பது எப்படி, என் மாமனாருக்குத் தூக்கம் வராதபோது நாங்கள் என்ன செய்தோம் என்பதுவரை நான்.

"அடுத்த வாரம் நான் உள்ளே உட்கார்றேன். அப்பவும் இப்படித்தான்னா என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார் நித்யா மேடம். பயிற்சிக்குக் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. வேலையையும் விட்டாயிற்று. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் என்னை அழவைத்தது. "அந்த மனுஷன் மூணு வாரமா வர்றார். எதையோ சொல்லத்தான் வர்றார். சொல்லாமலே திரும்பிப் போறார்."

ஆவடிக்கு ரயிலில் வரும்போது பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்கு வார்த்தை தாரும். அந்த மனுஷனைத் திறக்கிற ஒரே ஒரு வார்த்தையை என் வாயில் போடும் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டு எடுத்து நல்ல நல்ல வாக்கியங்களாக எழுதி மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த வாரம்தான் நம் சபையில் மூன்று நாள் உபவாசக் கூடுகை. பாட்டு நடத்தியது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான்தான். மூன்றாம் நாள் புதன்கிழமை, கடைசிப் பாட்டின் நடுவில் என் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுப்பால் குடித்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், கற்பூரவல்லி மென்றேன். வியாழன் காலை எழுந்தால் காற்றுதான் வந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லாரும் என் குரலுக்காக ஊக்கமாக ஜெபித்தீர்கள். அந்த ஜெபத்துக்குக் கர்த்தர் ஞாயிற்றுக்கிழமைவரை பதில் கொடுக்கவில்லை. அதற்காக இப்போது அவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டால் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டீரே என்று சமையலறையில் நின்று அவரோடு சண்டை போட்டேன், சத்தமே இல்லாமல். வீட்டுக்காரர் மட்டும் சந்தோஷமாக, "கல்யாணம் ஆன நாள்லருந்து இன்னிக்குத்தான் நியூஸை முழுசா கேட்டேன்" என்றார்.

வேறு நாள் கிடைக்குமா என்று நித்யா மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். "அவர் ஏற்கெனவே கிளம்பிட்டார். குரல் இல்லன்னா பரவாயில்ல. காது இருக்கில்ல? வாங்க" என்று பதில் வந்தது.

போனேன். நித்யா மேடம், அந்த அண்ணனின் சம்மதம் கேட்டு, மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தாளில் எழுதி அந்த அண்ணனிடம் காட்டினேன்: தொண்டை கட்டிவிட்டது. நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

அவர் சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். "இன்னா மேடம், அம்மாம் பேசுவீங்க! வெந்நீல கல்லுப்பு போட்டு கொப்புளிங்க. ஐஸ் தண்ணி கிட்டயே போவாதீங்க" என்று எனக்கு ஆலோசனை சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. நோட்டில் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் என் தலைக்குள் வரிசை கட்டி நின்றன. வாயைத் திறந்தேன், கர்ரென்று ஒரு சத்தம் வந்தது, மூடிக்கொண்டேன். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தேன். நாலாவது நிமிடம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ஸ்டாண்டுல எனுக்கு ஒரு பிரண்டு இருந்தான் மேடம். பதிமூணு வருசம் ஒண்ணா ஓட்னோம். அன்னிக்கி காலீல போன் பண்ணான். நான் சவாரி ஏத்திகினு போய்கினு இருந்தேன். அப்பால பேசிக்கலாம்னு கட் பண்ட்டேன். பத்து நிமிசம் கயிச்சி வேற ஒருத்தன் பண்றான், அவன் நெஞ்சப் புடிச்சிகினு உயுந்துட்டான்னு. நான் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

பிறகு சொன்னார், "இன்னா சொல்றதுக்குப் பண்ணான்னே தெரியலியே மேடம். இத்த யாராண்டயும் சொல்லல. ஊட்லகூட சொல்லல."

பெரிய குரலில் அழுதார். உங்க தப்பு இல்ல, தைரியமா இருங்க, காலம் ஆற்றும் என்று சொல்ல என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அவர் "சரிங்க மேடம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். எனக்குக் குரல் இல்லை. அதனால் அவர் போகவில்லை. நானும் அழுதேன். ஒரு தடவை மட்டும் காற்றுக் குரலில் "இன்னும் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார். நண்பன் தன் டீயைக் குடித்துவிட்டு இவர் டீயிலும் பாதியைப் பிடுங்கிக் குடிப்பானாம். அதைச் சொல்லும்போது அழுகைக்கு நடுவில் சிரித்தார். நேரம் முடிந்து எழுந்தபோது கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கிதான் மேடம் நீங்க நல்லா பேசுனீங்க."

நித்யா மேடம் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன்.

அன்றே கையெழுத்துக் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். "குரல் வந்த பிறகும் இப்படி உட்கார முடியுதான்னு பார்க்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வியாழன் என் குரல் கணீரென்று இருந்தது. அதுதான் எனக்கு நிஜமான பரீட்சை. ஒவ்வொரு செஷனுக்கு முன்பும் மாடிப்படியில் நின்று, ஆண்டவரே, போன வாரம்போல என்னைக் கட்டிப்போடும் என்று கேட்டேன். சில வாரம் தவறினேன். பல வாரம் அவர் கட்டிப்போட்டார். வாரம் தவறாமல் அந்த அண்ணன் வந்தார், மருத்துவமனை டாக்டரையும் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பூந்தமல்லி ரோட்டில் வண்டி எடுத்துவிட்டார். எனக்கும் கையெழுத்துக் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. இப்போது அதே மாடி அறையில் வாரம் மூன்று நாள் உட்கார்கிறேன்.

ஜெபம் செய்தால் போதும், படிப்பும் பயிற்சியும் மருத்துவரும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நித்யா மேடத்தின் சிவப்புப் பேனாவையும் கர்த்தர்தான் அனுப்பினார் என்று நம்புகிறேன்.

இந்த அனுபவத்தில் எனக்கு உறைத்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒருநாள் காலை முழங்காலில் நின்றபோது, என் ஜெபங்களை இப்படித் தாளில் எழுதிக் கோடு போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடத்தில் நான் அவரையும் பேச விட்டதில்லை. விண்ணப்பம், ஸ்தோத்திரம், ஆமென், உடனே எழுந்து அடுப்படி. இப்போது என் பாரத்தைச் சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் அப்படியே வாயை மூடி உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது அந்த நேரத்துக்காகவே சீக்கிரம் எழுகிறேன்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஏதோ ஒரு நெருக்கடி இருக்கலாம். நீங்கள் கேட்டதற்கு நேர்மாறாக ஒன்று நடந்து, கைவிட்டுவிட்டாரே என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். போடுங்கள், அவர் தாங்குவார். சண்டை முடிந்ததும் எழுந்து போய்விடாமல் கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன், அவர் என்னை வெறுமையாக அனுப்பவில்லை.