நடைபாலத்தின் இரண்டாவது டப்பா

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்த அந்த அம்மாவை எல்லோரும் மீட்டர்க்காரம்மா என்றுதான் அழைத்தார்கள். வீட்டுச் சுவரோரம் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைத் துணியால் துடைத்து, எண்ணைப் பார்த்த பிறகே எழுதுவார். கேட் பூட்டியிருந்தால் 'பூட்டியிருந்தது' என்று எழுதுவார். அவருடன் வேலை பார்த்தவர்களில் சிலர் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு தெரு முழுவதற்கும் ரீடிங் போட்டு முடிப்பார்கள். "வீட்டுல அதே ஆளுங்கதானே குளிக்கிறாங்க? போன மாசம் ஆனதுதான் இந்த மாசமும் ஆகும்" என்பது அவர்கள் நியாயம். மீட்டர்க்காரம்மா அந்தப் பெஞ்சை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஊருக்குள் எங்காவது ஒளித்து வைத்து, அது இருக்கும் புள்ளியை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் பெட்டிக்குள் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்தில் எடுத்தபடியே வைத்துவிட்டு, இணையதளத்தில் 'கிடைத்தது' என்று எழுத வேண்டும். கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் 'கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும். நாலைந்து பேர் அப்படி எழுதினால்தான் பெட்டி தொலைந்துவிட்டதோ என்று அதை வைத்தவர் போய்ப் பார்ப்பார். இதற்கெல்லாம் மேலே ஒரு நாகரிகம் உண்டு. பெட்டி எங்கே இருந்தது, எந்த உருவத்தில் இருந்தது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. அடுத்து வருபவரின் விளையாட்டைக் கெடுப்பது அவர்களுக்குள் பெரிய குற்றம்.

மீட்டர்க்காரம்மா வைத்தது பெட்டியே அல்ல, ஒரு போல்ட். ரயில் பாதையைக் கடக்கும் நடைபாலத்தின் கைப்பிடித் தூண்களில் வரிசையாகப் போல்ட்டுகள் இருக்கும். கடைசல் பட்டறையில் வேலை செய்யும் அவர் கணவர் அதே அளவில் ஒரு போல்ட்டைக் கடைந்து, உள்ளே குடைந்து, அடியில் காந்தம் வைத்து, தலையில் துருவின் நிறத்தைக்கூடப் பூசிக் கொடுத்தார். குடைந்த இடத்தில் சுருட்டிய தாள். பாலத்தில் ஒட்டி வைத்துவிட்டுத் திரும்பிய ஐந்தாவது நிமிடம் அதைச் செய்தவருக்கே எது என்று தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லாம் 'கிடைக்கவில்லை' என்று எழுதினார்கள். எப்போதோ ஒருவருக்குக் கிடைக்கும். பிறகு ஒரு வருடம் யாருக்கும் கிடைக்காது. அப்படி ஒரு நீண்ட வறட்சிக்குப் பிறகு 'ஆமை' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது: "மூன்று முறை வந்தேன். மூன்றாவது முறை கிடைத்தது. பொறுமைக்கு நல்ல பாடம். வைத்தவருக்கு நன்றி."

மீட்டர்க்காரம்மா அதைக் கணவருக்குப் படித்துக் காட்டினார். "பாருங்க, மூணு தடவை வந்திருக்கான். பொறுமைன்னா இதுதான் பொறுமை."

"வேலை வெட்டி இல்லாத பையனா இருப்பான்" என்றார் கணவர்.

வேலை வெட்டி இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலை. தேடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பூங்காவில் கூடும்போது அந்த இளைஞனை அவர் நேரில் பார்த்தார். கூடவே வந்திருந்த மகளும் பார்த்தாள். மறு வருடமே வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. கணவர் இழுத்தார். முன்பின் தெரியாத குடும்பம், ஒற்றைப் பிள்ளை, தேன் ஒழுகப் பேசுகிறான் என்றெல்லாம் சொன்னார்.

"உங்க போல்ட்டைக் கண்டுபிடிச்சவரு. கையால தொடாம 'கிடைச்சுது'ன்னு எழுதற ஆளு இல்ல. எனக்கு அது போதும்" என்றார் மீட்டர்க்காரம்மா. பேச்சு அதோடு முடிந்தது. பெண்ணைக் கொடுத்தார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் மருமகனைத் தனியாக அழைத்து, "மாப்பிள்ளை, அந்தப் பாலத்து விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்" என்றார். மருமகனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "உசிரு போனாலும் சொல்ல மாட்டேன் அத்தை" என்றான். எவ்வளவு கட்டுப்பாடு என்று மீட்டர்க்காரம்மா உருகிப்போனார்.

அதன் பிறகு அந்தப் பெட்டியின் பக்கத்தில் பதிவுகள் பெருகின. எல்லாம் 'கிடைத்தது'. 'சுலபமாகக் கிடைத்தது, நன்றி' என்றுகூட ஒருவர் எழுதினார். மாப்பிள்ளை வந்த ராசி, எல்லோருக்கும் கண் திறந்துவிட்டது என்று மீட்டர்க்காரம்மா நினைத்துக்கொண்டார். இப்போது அவர் கணக்கெடுக்கும் தெருக்கள் ஊரின் மறுகோடியில் இருந்தன. பாலத்துப் படிகளை நினைத்தாலே முழங்கால் வலித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியூர்க்காரர் ஒருவரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. "அம்மா, உங்கள் பாலத்தில் இரண்டு பெட்டிகள் கிடைத்தன. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். எது உங்களுடையது? பொதுவில் எழுதினால் மற்றவர்களுக்குக் குறிப்பாகிவிடும் என்பதால் தனியாகக் கேட்கிறேன்."

மீட்டர்க்காரம்மா தேநீரைக் கீழே வைத்தார். இரண்டா? வைத்தது ஒன்றுதானே?

வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே பாலத்துக்குப் போனார். ஒவ்வொரு படியிலும் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. மேல்படிக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு பழைய பிலிம் டப்பா பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. குனிந்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். பிரித்தார். உள்ளே ஒரு தாள். முதல் கையெழுத்து: ஆமை. அதற்குக் கீழே இத்தனை நாள் 'கிடைத்தது' என்று எழுதிய அத்தனை பேரும் வரிசையாக இருந்தார்கள்.

அவர் தூணுக்குப் போனார். போல்ட் வைத்த இடத்திலேயே இருந்தது. இழுத்ததும் கையோடு வந்தது. தாள் நனையவில்லை. வெளியூர்க்காரரின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. அதற்கு முந்தையது மருமகன் வருவதற்கு ஒரு வருடம் முன்னால் யாரோ போட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

கீழே ஒரு ரயில் போனது. பாலம் அதிர, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மாதிரி டப்பாவைத்தான் இந்த விளையாட்டில் எல்லோரும் கரித்துக்கொட்டுவார்கள். தேடிக் கிடைக்காதபோது, 'தொலைந்துதான் போயிருக்கும்' என்று தானே முடிவு கட்டி, தானே ஒரு டப்பாவை வைத்து, தானே அதைக் கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்வது. அதற்குப் பிறகு வருபவர்களுக்கு அந்த டப்பாதான் கண்ணில் படும். உண்மையான பெட்டியை யாரும் தேடவே மாட்டார்கள். எந்த உருவத்தில் இருந்தது என்று எழுதக் கூடாது என்ற நாகரிகமே இத்தனை வருடம் இந்தப் புளுகுக்குக் குடை பிடித்திருக்கிறது.

இதை நம்பித்தானே பெண்ணைக் கொடுத்தோம்?

கண்ணாடிக் கடையில் அப்போது கூட்டம் இல்லை. உள்ளறையில் எழுத்துப் பலகையின் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த மருமகன் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"வாங்க அத்தை! என்ன திடீர்னு? கண்ணாடி மாத்தணுமா? உக்காருங்க."

அவர் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகன் வழக்கப்படி எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதா?" என்றான்.

"எனக்கு எல்லாம் தெரியுது மாப்பிள்ளை. உங்களுக்கு இது தெரியுதா பாருங்க." பிலிம் டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

அவன் கையிலிருந்த கண்ணாடி வில்லை கீழே விழுந்தது. உடையவில்லை. இருவரும் அது உருண்டு போவதையே பார்த்தார்கள்.

"அத்தை..."

"நீங்க வெச்சதுதானா?"

"ஆமா." கொஞ்சம் பொறுத்து, "மூணு தடவை வந்தது நெசம் அத்தை. கிடைக்கல. எல்லாரும் கிடைக்கலன்னுதான் எழுதியிருந்தாங்க. போயிடுச்சுன்னே நெனச்சேன். வெச்சவங்க யாரோ பாவம், அவங்களுக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்..."

"ஒத்தாசையா? அப்போ 'கிடைச்சுது'ன்னு எழுதினது யாருக்கு ஒத்தாசை?"

அவன் குனிந்து கண்ணாடி வில்லையை எடுத்தான்.

"ஊர்ல இருக்கற கண்ணுக்கெல்லாம் பவர் பாக்கறீங்க. மூக்குக்கு முன்னாடி இருந்தது தெரியல."

"அப்போ... அது இன்னும் இருக்கா?" அவன் அதிர்ந்தது அப்போதுதான். "பாலத்துலயேவா? எங்க?"

மீட்டர்க்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் ஒரே வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அது போல்ட் என்பதே தெரியாது! இவர் நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டிருந்தார். அவன் பயத்தில் மூடிக்கொண்டிருந்தான். இரண்டு மௌனமும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்திருக்கின்றன.

"நீங்கதான் வெச்சவங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும் அத்தை. அதுக்குள்ள நீங்க அந்தப் பதிவைப் பத்தியே எல்லார்கிட்டயும் பெருமையா பேச ஆரம்பிச்சிட்டீங்க. என் பதிவை அழிச்சிருங்க. வெச்சவங்களுக்கு அந்த உரிமை இருக்கில்ல?"

"அழிக்கறது பெரிய விஷயம் இல்ல" என்று எழுந்தார் மீட்டர்க்காரம்மா. டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

சாயங்காலம் மகள் வந்தாள். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"அம்மா, அவரை என்ன சொன்ன? பேயறைஞ்ச மாதிரி வீட்டுல உக்காந்திருக்காரு."

"உன் வீட்டுக்காரர் என்ன செஞ்சாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு."

மீட்டர்க்காரம்மா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அன்றைக்கு அதிர்ச்சிக்கு இனிமேல் இடமே இல்லை என்று நினைத்திருந்தார். "அப்புறம்?"

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். சொல்லியிருந்தா நீ கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"அதுக்காக? கண்ணால பாக்காததைப் பாத்தேன்னு எழுதலாமா? என் சர்வீஸ்ல ஒரு மீட்டரை நான் அப்படி எழுதினது உண்டா?"

மகள் கைபேசியை எடுத்துத் தேடி, அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மீட்டரை விடு. இது யாரு எழுதினது?"

அந்தப் பெட்டியின் பக்கம். வைத்தவர் அவ்வப்போது நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டிய இடம். 'பார்த்தாயிற்று. பெட்டி நன்றாக இருக்கிறது.' கீழே மீட்டர்க்காரம்மாவின் பெயர். அதற்கு முந்தைய வருடங்களிலும் அதே வரி, அதே பெயர்.

"போனியா? பாத்தியா? நீ போயிருந்தா அந்த டப்பா அப்பவே உன் கையில மாட்டியிருக்கும்ல?"

போகவில்லை. எல்லோரும் கிடைத்தது என்கிறார்களே, அப்படியானால் நன்றாகத்தான் இருக்கும் என்று, இதே நாற்காலியில் உட்கார்ந்து தட்டிய வரி அது. இதுவரை அது அவருக்கு ஒரு பொய்யாகவே தோன்றியதில்லை. தேநீர்க் கடை பெஞ்சுக்காரர்களுக்கும் அப்படித்தானே தோன்றியிருக்காது?

"ஏம்மா, பேச்சையே காணோம்?"

"பேசறதுக்கு என்ன இருக்கு, கையும் களவுமா பிடிச்சிட்டியே" என்றார் மெதுவாக. உள்ளே ஏதோ கழற்றிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்குரிய இடமல்ல என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மகள் போன பிறகு மீட்டர்க்காரம்மா தன் பெட்டியின் பக்கத்தைத் திறந்து எழுதினார். "இந்தப் பெட்டியை நான் சில வருடங்களாக நேரில் போய்ப் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதியது தவறு. பாலத்தில் வேறு ஒரு டப்பா இருந்தது, எடுத்துவிட்டேன். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் பதிவு அப்படியே இருக்கட்டும். என்னுடையது வைத்த இடத்தில்தான் இருக்கிறது. இன்று பார்த்தேன்." மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவன் பதிவை அழிக்கவும் இல்லை. அழித்தால் அது இவர் செய்தது ஆகிவிடும், அவன் செய்தது ஆகாது.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. மருமகனிடமிருந்து அழைப்பு இல்லை, பதிவும் அப்படியே இருந்தது. மீட்டர் மூடியைத் தூக்கும்போதெல்லாம் கைபேசியையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். இவ்வளவுதானா அந்த ஆள் என்று நினைப்பார். நீ மட்டும் என்ன என்று உடனே வேறொரு குரல் கேட்கும்.

சனிக்கிழமை மதியம் ஆமையின் பதிவு மாறியது. 'கிடைத்தது' போய்விட்டது. "கிடைக்கவில்லை. அப்போதும் கிடைக்கவில்லை. அந்த டப்பாவை வைத்தவன் நான்தான்." கீழே யாரோ சூடாகவே ஏசியிருந்தார்கள். வேறொருவர், 'அதனால்தான் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததா!' என்று சிரித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். "அம்மா, அவரு விடியும்போதே பாலத்துக்குப் போயிட்டாரு. மழை வேற. ஒரு சின்ன குறிப்பாவது குடேன்."

"மூச்சு விட மாட்டேன்."

"கல் நெஞ்சும்மா உனக்கு."

"ஆமா" என்று போனை வைத்தார். பிறகு ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார். அவன் இந்நேரம் தூண் தூணாகத் தடவிக்கொண்டிருப்பான். அந்தப் போல்ட் வரிசையைக் கடந்திருப்பானா? கேட்டால் சொல்லிவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

மதியம் போன் மணி அடித்தது. மருமகனின் குரலோடு மழைச் சத்தமும் சேர்ந்து வந்தது.

"அத்தை, கிடைக்கல."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். கிடைக்கலன்னுதான் எழுதியிருக்கேன்."

மீட்டர்க்காரம்மா இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

"நனைஞ்சுக்கிட்டு அங்க நிக்காதீங்க மாப்பிள்ளை. சாப்பிட வாங்க."