ஆறு குழிகளும் ஒரு காகிதமும்

கட்டடத்துக்குக் கம்பிக் கணக்குப் போடுகிறவனின் பெயரும் கம்பியைப் போலவே கான்கிரீட்டுக்குள் போய்விடும். விரிசல் விட்டால்தான் வெளியே வரும். என்னைப் போல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராகக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டை வரைந்தவர் யார் என்றால் சட்டென்று சொல்வீர்கள். அது யார் போட்ட கணக்கில் நிற்கிறது என்றால்?

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக்கென்று கட்டிய அருங்காட்சியகத்தில் நான் வேலை பார்த்த கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதன் நடுவில் ஒரு திருட்டு வரும். என் யோசனையை ஆர்க்கிடெக்ட் எடுத்துக்கொண்டார் என்பதுதான் அது. கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் ஏகாம்பரம் மேஸ்திரி. பல வருஷமாகவே எனக்கு அதில் சந்தேகம் உண்டு. சந்தேகம் இருந்தும் சொல்வதை நிறுத்தவில்லை. ஆகவே நீங்களும் சந்தேகத்தோடே படியுங்கள்.

குட்டைப் பென்சில்

ஆர்க்கிடெக்ட் பெயர் நந்தகுமார். சென்னையிலிருந்து வருவார். என்னைவிட எட்டு வயது சின்னவர். முதல் கூட்டத்தில் நான் லேப்டாப்பையும் ஒயர்களையும் மேஜையில் பரப்பிவிட்டு, பிளக் பாயின்ட் தேடிக் குனிந்திருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டைப் பென்சிலை எடுத்தார். பிஸ்கட் தட்டுக்கு அடியில் கிடந்த காகிதத்தை உருவி நாலு கோடு இழுத்தார். கட்டடம் வந்துவிட்டது. ஏரிப் பக்கத்து இடம், மழைக்குத் தண்ணீர் நிற்கும், அதனால் கீழ்த்தளம் திறந்த மண்டபம் போல இருக்கட்டும். முதல் மாடியில் ஆறு தறிகள் ஓடட்டும். வருகிறவர்கள் அவற்றைச் சுற்றி நடந்து பார்க்கட்டும் என்றார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நானும் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து பார்த்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்தப் பென்சில் மேலேயே பொறாமை வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் அதே மாதிரி ஒன்று வாங்கி, பாதியாக ஒடித்துச் சீவி சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று கூட்டம் கலையும்போது அருங்காட்சியகக் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் என் தோளைத் தொட்டு அன்பாகப் பேசினார். “ஏசி மாட்ட வந்தவரு நீங்கதானே? ரூம்ல காத்தே வரல, கொஞ்சம் பாருங்கப்பா.”

வாசலில் நின்றவன்

எங்கள் ஊர்ப் பட்டுத்தறி பெரும்பாலும் குழித்தறி. நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். முதல் மாடியில் குழிக்கு எங்கே போவது? அதனால் முதல் வரைபடத்தில் மரமேடை போட்டு, அதன்மேல் தறியை ஏற்றியிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் தறி ஓட்டப்போகிற தனபாலுக்கு அது பிடிக்கவில்லை. மேடையேறி நெய்தால் தெருக்கூத்து மாதிரி இருக்கும் என்றார். “சரி, உங்க வீட்டுத் தறியைக் காட்டுங்க” என்று நந்தகுமார் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன்.

பிள்ளையார்பாளையத்தில் தனபால் வீட்டு வாசலோடு நான் நின்றுகொண்டேன். போன் வந்தது என்று அப்போது சொன்னேன். உண்மையில், நான் இந்த ஊரில் பிறந்தவன், தறியைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தருவது என்ற நினைப்புதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நந்தகுமார் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம். நடுநடுவே சிரிப்புச் சத்தம் வேறு. அவர் காருக்குப் போன பிறகு, அப்படி என்னதான் பேசினார் என்று தனபாலிடம் கேட்டேன். “காலு எங்க போவுது, எத எத மிதிக்கிறீங்க, குளுரு காலத்துல குழி எப்படி இருக்கும், முட்டி வலிக்குமான்னு கேட்டுக்கினே இருந்தாரு சார். உங்களுக்கென்னா, நம்ம ஊரு ஆளு, எதுவும் கேக்க வேணாம்.”

மேஜைமேல் வைத்த காகிதம்

அந்த வாரமே எனக்கு ஒரு யோசனை வந்தது. குழாய் அடியில் போவதற்காகக் கழிவறைக்குத் தளத்தை அரை அடி, ஓர் அடி இறக்கிப் போடுவோம் அல்லவா, அதையே இன்னும் ஆழமாக இறக்கினால்? தறிக்கு ஒன்றாக ஆறு கான்கிரீட் பெட்டிகள் மாடித் தளத்திலிருந்து கீழே தொங்கும். நெய்கிறவருக்கு மாடியிலேயே குழி கிடைத்துவிடும். இத்தனை வருஷத் தொழிலில் முதன்முறையாக எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கம்பி அட்டவணையின் பின்பக்கத்தில், அந்த ஒடித்த பென்சிலால் வரைந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காட்டுவதற்காக சைட் ஷெட்டில் மேஜைமேல் வைத்தேன். வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நந்தகுமாரிடமிருந்து புது வரைபடம் வந்தது. அதில் ஆறு தொங்கும் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. கீழே மண்டபத்தில் நின்று அண்ணாந்தால், மேலே நெய்கிறவர்களின் கால்கள் தெரியும். நான் வண்டியை விரட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேஜைமேல் காகிதம் இல்லை. ஏகாம்பரம் மேஸ்திரி கான்கிரீட் இறுகுவதற்காகத் தூண்களைச் சுற்றிக் கட்டிய கோணிச் சாக்கில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவரை உள்ளே இழுத்து வந்தேன்.

“வெள்ளிக்கிழமை ஆர்க்கிடெக்ட் இந்த மேஜைகிட்ட வந்தாரா?”

“வந்தாரு சார்.”

“பேப்பர் ஏதாவது எடுத்தாரா?”

“எடுத்தாரு சார்.”

“மடிச்சுப் பையில வச்சாரா?”

ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தார். வெளியே தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. “வச்சாரு சார், வச்சாரு. நீங்க சொல்றதுதான் கரெக்டு. நான் போயி தண்ணிய நிறுத்திட்டு வந்துடறேன்.”

பிளம்பரின் சந்தேகம்

என் யோசனை என்று நான் நம்பிய ஒன்றுக்கு, அவர் பெயரில், நானே கம்பி வரைபடம் போட வேண்டியிருந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் அந்த வாரம் நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று புரியும். கோபத்தில் புதிதாக வரையக் கை வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த கழிவறை வரைபடத்தை எடுத்து, ஆழத்தை மாற்றி, ஆறு தடவை ஒட்டி அனுப்பிவிட்டேன். அடியில் கழிவுநீர்க் குழாய்க்கு விட்ட ஓட்டையை எடுக்க மறந்துவிட்டேன்.

பிளம்பர் சேகர் வரைபடத்தில் இருப்பதை அப்படியே செய்கிறவர். சென்ட்ரிங் பலகை அடித்துத் தயாராக இருந்த ஆறு பெட்டிகளிலும் நாலு இஞ்ச் பைப்பை நிறுத்திவிட்டார். கான்கிரீட் போடுகிற அன்று காலை நந்தகுமார்தான் அதை முதலில் பார்த்தார். எல்லோர் முன்னாலும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். “ரெண்டு பேருமே பாக்காம விட்டுட்டோம் சார்” என்று பாதித் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். தப்பில்கூட அவருக்குப் பங்கா என்று எனக்கு எரிந்தது. சேகர் பைப்பைப் பிடுங்கிக்கொண்டே என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: “எடுத்துடறேன் சார். ஆனா ஒரு டவுட்டு. ஹாலு நடுவுல, கதவே இல்லாம, கண்ணாடி வேற போடச் சொல்லியிருக்குது. லேடீஸா, ஜென்ட்ஸா?”

தூண்

திறப்பு விழாவில் நந்தகுமாருக்குச் சால்வை போட்டார்கள். வாசல் கருங்கல்லில் அவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. எந்தக் கல்லிலும் எங்கள் ஆட்கள் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், நான் கணக்குப் போட்ட ஒரு தூண் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வண்டியில் திரும்பும்போது, “பாத்தியா, ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடல” என்று மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். மூங்கில் மண்டபம் தாண்டியதும் அவள் சொன்னாள்: “அந்த மனுஷன் மேடையை விட்டு எறங்கி வந்து உங்க கையப் புடிச்சி இழுத்தாரு. நீங்கதான் தூணைக் கட்டிப் புடிச்சிக்கினு வரமாட்டேன்னீங்க. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்.”

அண்ணாந்து பார்க்கிறவர்கள்

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தேன். விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதாக வீட்டில் சொல்வேன். உண்மையில், பார்க்க வருகிறவர்களைப் பார்க்கத்தான் போனேன். உள்ளே வரும்போது பேசிக்கொண்டே வருவார்கள். மண்டபத்தின் நடுவே வந்ததும் யாராவது ஒருவர் அண்ணாந்து பார்ப்பார். பேச்சு நின்றுவிடும். மேலே கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு கால்கள் மாறி மாறி மிதித்துக்கொண்டிருக்கும். பட்டுப் புடவையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நெய்கிறவரின் பாதத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?

ஒருநாள் மாகறலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதில் ஓர் அம்மா ரொம்ப நேரம் அண்ணாந்தபடியே நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், “அந்தப் பெட்டியை எது தாங்குது பாருங்கம்மா, அதோ அந்த பீம்தான்” என்று கைநீட்டிக் காட்டினேன். அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டார். “பீமு எங்க ஊட்லயும்தான் இருக்குது தம்பி. கொஞ்சம் தள்ளு, காலு மறைக்குது.”

பழைய நோட்டு

போன மாதம் ஆபீஸை மேல்மாடிக்கு மாற்றினோம். என் பழைய கணக்கு நோட்டு ஒன்றை உதறியபோது அந்தக் காகிதம் கீழே விழுந்தது. ஒடித்த பென்சிலால் நான் வரைந்த அதே ஆறு பெட்டிகள். அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. காய்ச்சல் வருவதற்கு முன்போ பின்போ நானே எடுத்துச் சொருகியிருக்கிறேன்.

தரையிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பெட்டிக்கு நாலு பக்கமும் கான்கிரீட். கண்ணாடி இல்லை. பெட்டிகள் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அடியில் ஒரு கோடு இழுத்து, ‘ஃபால்ஸ் சீலிங்’ என்று எழுதியிருந்தேன். கால்களை வரையவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அடியில் ஒரு கழிவுநீர்க் குழாய். அது கோபத்தில் நேர்ந்த தவறு என்றல்லவா இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்? கோபமே இல்லாமல், உடம்பு சிலிர்த்த நேரத்திலேயே அதை வரைந்திருக்கிறேன். நான் நினைத்தது கழிவறையை. அவர் நினைத்தது காலை.

காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். ஏகாம்பரம் அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். போகிற வழியெல்லாம் பழைய பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. இந்த விஷயத்தை அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துத்தான் கொடுத்திருக்கிறேன். அவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு அவர் வேறு ஏதாவது சொல்லிவிட்டால், என்னிடமிருந்து திருடப்பட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் மிஞ்சாது. பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

ஏகாம்பரம் ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தி, பையில் கைவிடுவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். “வச்சாரு சார். மடிச்சிப் பையிலதான் வச்சாரு.”

எது எதைத் தாங்குகிறது என்று முப்பது வருஷமாகக் கணக்குப் போட்டே பிழைத்தவன், என்னுடைய இந்தக் கதையை எது தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தட்டிப் பார்க்க முதல்முறையாகக் கேட்டது இவ்வளவுதான்: “அது கெடக்கட்டும் ஏகாம்பரம், அன்னிக்கு நீ என்னதான்பா பாத்தே?”