கரையில் கிடந்தவனுக்கு ஊதிய பாட்டு

லியோனார்டின் டிரம்பெட்டை அவரேதான் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலிஸ் தேய்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் அதைத் தொட்டது அன்றுதான். பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் புருஷன், மற்ற நேரத்தில் ராயபுரத்தில் யார் செத்தாலும் சவ ஊர்வலத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடந்தார். ஊர்வலம் தெருவுக்குள் வந்தால் அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

அன்றைக்கு அவர் ஊத வேண்டியது சாவுக்கு இல்லை, சினிமாவுக்கு. அதனால் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வாயால் 'நல்லா இருந்துச்சு' என்று ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக லியோனார்ட் ஒரு மாதமாகச் சாதகம் செய்திருந்தார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கப்பல் சாகசப் படம், பேச்சே இல்லாதது. ஏதோ வெளிநாட்டுக் கிடங்கில் நைந்து கிடந்த சுருளைச் சீராக்கியிருந்தார்கள். அதற்கென்று எழுதிய இசைத்தாளும் அகப்பட்டிருந்தது. தாளைப் பார்த்து வாசிக்க ஆள் தேடிய கல்லூரி வாத்தியார் தேவப்பிரியத்துக்கு, கோயில் பாதர் லியோனார்டின் ஐந்து பேர் பேண்டைக் கைகாட்டினார். வாத்தியார் ஒரே ஒரு இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். கதாநாயகன் கரை ஒதுங்கிக் கிடக்கும்போது பேண்டில் யாரும் மூச்சு விடக் கூடாது என்பது அவர் கட்டளை.

கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. கத்திச்சண்டைக்கும் புயலுக்கும் கைதட்டல் பறந்தது. பிறகு கதாநாயகன் கைகால் பரப்பி மணலில் கிடந்தான். பேண்டு நின்றது. லியோனார்ட் முடிந்தவரை பொறுத்துப் பார்த்தார். பிணத்துக்கு முன்னால் சும்மா நின்று அவருக்குப் பழக்கமில்லை. டிரம்பெட் தானாக உதட்டுக்கு ஏறியது. கல்லறைக்குப் போகும்போது ஊதும் பாட்டு அது. ட்ரம் அடிப்பவரும் பழக்கதோஷத்தில் சேர்ந்துகொண்டார்.

இரண்டாவது வரிசையில் ஒருத்தி எழுந்து சிலுவை போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து மண்டபமே எழுந்தது. தோளில் கிடந்த துண்டுகள் கைக்கு இறங்கின.

லியோனார்ட் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் அடிக்குப் போனார். திரையில் அவன் கண்ணைத் திறந்தான், எழுந்தான், கத்தியைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். சாவுப்பாட்டு நிதானமாக அவன் பின்னாலேயே போனது.

துறைமுகத்துக் கூட்டாளி அத்தாவுல்லா கடைசி வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "யோவ் லியோனு, பாடி எந்திரிச்சி ஓடிகினு கீதுய்யா. வுட்டுடு."

அதற்குப் பிறகு படம் முடியும்வரை மண்டபத்தில் சிரிப்பு அடங்கவில்லை. வாத்தியார் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் லியோனார்ட் கட்டிலில் உட்கார்ந்தார்.

"செத்தானா இல்லியான்னு பாத்துட்டு ஊத மாட்டியா நீ?" என்றாள் ஆலிஸ். "இனிமே மார்க்கெட்டுக்கு எந்த மூஞ்ச வெச்சிகினு போவேன்?"

அவர் ஷூ முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது நினைவில் இருந்தது.

"அது சரி. மொத ஆளா நீதான எந்திரிச்ச, ஆலிஸு. இன்னாத்துக்கு?"

காலையில் தேய்த்த மிச்சப் புளி கட்டிலடியில் கிண்ணத்தோடு காய்ந்து கிடந்தது. அவள் குனிந்து அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.