கழுவி வைத்த ஐந்து கற்கள்

நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பழுப்பாக எது கண்ணில் பட்டாலும் கை துணியைத் தேடும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியின் தூள் அவ்வளவு. எங்கள் பிளாக்கிலேயே அம்மாவின் வீடுதான் சுத்தம் என்று பெயர். அந்தப் பெயர்தான் எங்களைக் கெடுத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அம்மாவின் ஊர் மேற்கே மலையடிவாரம். அங்கே அவள் தம்பி, என் மாமா, மலையிலிருந்து இறங்கும் ஆற்றை நம்பி விவசாயம் செய்தார். நடுமலையில் ஒரு காப்பித் தோட்டக்காரர் பழம் கழுவிய தண்ணீரை அந்த ஆற்றில்தான் விட்டார். கீழே தண்ணீர் நாறியது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மாமா மனு மேல் மனு போட்டதில், ஒருவழியாக விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அத்தாட்சி வேண்டும் என்றார் அதிகாரி.

"படிச்ச புள்ள நீ இருக்கயில எனக்கென்ன கவலை தாயி" என்றார் மாமா.

தண்ணீரைப் பிடித்துக் காட்டிப் பயனில்லை. அதிகாரி வரும் நாளில் தோட்டக்காரர் மதகை மூடினால் ஆறு தெளிந்துவிடும். கல்லில் படிந்த பாசியை அப்படி ஏமாற்ற முடியாது. டயாட்டம் என்ற நுண்பாசியில் நல்ல தண்ணீருக்கு ஒரு வகை, கெட்ட தண்ணீருக்கு ஒரு வகை. பல வாரம் ஓடிய தண்ணீரின் குணம் அதில் தெரியும். விடுமுறையில் போய், தோட்டத்துக்குக் கீழே உள்ள கற்களைப் பல் பிரஷால் தேய்த்துக் குப்பிகளில் எடுத்தேன். தோட்டத்துக்கு மேலே ஏறியபோது குப்பி தீர்ந்துவிட்டது. காய்ந்தாலும் டயாட்டத்தின் ஓடு அழியாது என்பதால் ஐந்து கற்களைப் படிந்த பழுப்புப் பாசியோடு அப்படியே பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலே நல்ல பாசி, கீழே கெட்ட பாசி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வழக்கு நிற்கும்.

கீழ்க் குப்பிகளைக் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்தேன். விசாரணைக்கு முந்தின நாள் காலை, கல்லூரிக்கு எடுத்துப்போக மேல் கற்களைத் தேடினால், ரோஜாச் செடியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தது.

"ஊர்லேருந்து ஆசையா கொண்டாந்த கல்லு, ஒரே கரி. சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன்" என்றாள் அம்மா.

"உன்னை யாரு தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

"கல்லுதானேடி, கழுவினா கரைஞ்சா போயிடும்?"

அன்று ராத்திரியே அப்பாவோடு பஸ் ஏறியாக வேண்டும். மறுபடி மலை ஏற நேரமில்லை. விசாரணையில் என் அறிக்கையைப் புரட்டிவிட்டு அதிகாரி கேட்டார்: "கீழ அழுக்குன்னு சொல்றீங்க, சரி. மேலேருந்தே அழுக்காத்தான் வருதோ என்னமோ?" தோட்டக்காரர் சிரித்தார். மனு தள்ளுபடி ஆனது.

வெளியே வந்ததும் மாமா கேட்டார். "மேல எடுத்த கல்லு எங்க தாயி?"

உங்கள் அக்காதான் கழுவிவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "தொலைச்சுட்டேன் மாமா" என்றேன். பஸ்ஸில் அப்பாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

தோட்டக்காரரிடம் நான் விலை போய்விட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். மாமாவும் நம்பினார். எங்கள் வீட்டு வாசலை அப்புறம் அவர் மிதிக்கவே இல்லை. அடுத்த வருடம் தோட்டம் காட்டை வெட்டி ஆறு பிறக்கும் இடம் வரை போனது. மேலே நல்ல தண்ணீர் இருந்தது என்று காட்ட இனி ஒரு கல்லும் கிடையாது.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தீபாவளி, பொங்கல் வந்தால் ஆரம்பித்துவிடுவாள். "அத்தாட்சியைத் தொலைச்ச உன் திமிராலதான் எனக்குப் பொறந்த வீடே இல்லாமப் போச்சு." நீ கழுவிய கல்தான் அந்த அத்தாட்சி என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொள்வேன். பாசத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொன்னால் அவள் அழுவாள். அதற்கப்புறம் அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இருக்காது.