மூளை அவங்களுது, உடம்பு என்னுது

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனை யாரும் நல்ல நாளில் நினைப்பதில்லை. பம்ப் நின்றுபோனால், நட்டு கழன்று விழுந்தால், அப்போதுதான் நம்ம பெயர் ஞாபகம் வரும். வேங்கிக்காலில் பதினாறு வருஷமாக மருந்து தெளிப்பானுக்கும் மோட்டாருக்கும் சாமான் விற்கிற எனக்கு இது பழகிப்போன விஷயம். பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் மாலை விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பழகவில்லை. கூட்டுத் தொழில் செய்து, கூட்டாளியின் புகழுக்குக் கைதட்டிக் கை சிவந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

கூட்டாளியின் பெயர் தேன்மொழி. அடி அண்ணாமலைக்காரர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டு மாடியில் ட்ரோனுக்கு ஃப்ளைட் கன்ட்ரோலர் செய்கிறார். தீப்பெட்டி அளவுள்ள போர்டு. எந்த மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றணும், காற்றடித்தால் எப்படிச் சமாளிக்கணும் என்று ட்ரோனுக்குச் சொல்வது அதுதான். வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் செய்யலாம் என்று ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். போர்டு அவருடையது. ஃப்ரேம் என்கிற சட்டம், கால், மோட்டார், இறக்கை, டேங்க், கடைசி ஸ்க்ரூ வரைக்கும் என்னுடையது.

முதல் பறப்பு

முதல் ட்ரோனை ஒரு விவசாயியின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், பறக்கவிட்டோம். அதன் ஆறு கைகளையும் அளந்து, அறுத்து, ராவி முடிக்க எனக்கு மூணு வாரம் ஆயிருந்தது. தேன்மொழி வண்டியில் வந்து இறங்கி, கைப்பையிலிருந்து போர்டை எடுத்து, பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். நல்ல மேல்காற்று. ட்ரோன் எழும்பி, ஆணி அடித்தமாதிரி அப்படியே நின்றது.

விவசாயி அண்ணாந்து பார்த்துக்கொண்டே, அது எப்படி ஆடாமல் நிற்குது என்று கேட்டார். நியாயமாக நான் போர்டைப் பற்றிச் சொல்லித்தான் ஆகணும், சொன்னேன். அதோடு நிறுத்தாமல் என் பங்கையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்போ ட்ரோன் செஞ்சது இந்தம்மா. நீங்க பெட்டி செஞ்சவரு.”

புதுச் சட்டை

வேங்கிக்காலில் நடந்த வேளாண் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு ஸ்டால் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டுப் புதுச் சட்டை எடுத்தேன். வந்தார்கள். தேன்மொழியைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். படம் எடுக்கும்போது நான் ஒரு ஓரமாகத்தான் நின்றேன். ட்ரோன் மறையுது, இன்னும் தள்ளி நில்லுங்க என்றார் படக்காரர். தள்ளினேன்.

மறுநாள் செய்தி வந்தது. கடையில் பில் போடுவது என் மனைவி கலாதான். பேப்பரைக் கல்லா மேல் விரித்து ரொம்ப நேரம் தேடினாள். பிறகு படத்தில் விரல் வைத்துக் காட்டினாள்: “உங்க முழங்கை நல்லா விழுந்திருக்குங்க.”

ஏழுமலையின் ட்ரோன்

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. யார் கடைக்கு வந்தாலும், “மேடம் இல்லையா?” என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்று தைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஏழுமலையின் ட்ரோன் விழுந்தது. ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு மருந்தடிப்பது அவர் பிழைப்பு. எங்கள் ட்ரோனை நம்பித்தான் அந்த சீசனையே ஒப்புக்கொண்டிருந்தார். கரும்புக் கொல்லை மேலே பறந்துகொண்டிருந்த ட்ரோன் திடீரென்று உயரம் தெரியாமல் தடுமாறி, வரப்பில் மோதிவிட்டது. உடைந்ததைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். தேன்மொழி அன்று ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தார்.

திறந்து பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போர்டுக்கு அதிர்வு போகாமலிருக்க அடியில் நாலு சின்ன ரப்பர் வைப்போம். வழக்கமான சரக்கு கிடைக்கவில்லை என்று வேறு ரப்பர் வாங்கி, சீசனுக்கு முன்னால் சர்வீஸுக்கு வந்த ட்ரோன்களிலெல்லாம் யாரிடமும் சொல்லாமல் போட்டிருந்தேன். கல்லு மாதிரி இருந்தது. என்ன ஆச்சு என்று ஏழுமலை கேட்டார். போர்டுல ஏதோ பிரச்சினை மாதிரி தெரியுது என்று சொல்லிவிட்டேன். வாய் அதைச் சொன்னபோது மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

போர்டுதான் கோளாறு என்று செய்தி பரவிவிட்டது. தேன்மொழி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் ட்ரோன் வைத்திருந்த பதினொரு பேருக்கும் அவரே போன் செய்து, கோளாறு தெரியும்வரை யாரும் பறக்கவிட வேண்டாம் என்றார். சரியான மருந்தடிப்புச் சமயம். பதினொரு பேர் பிழைப்பும் நின்றது. அவர் மாடியில் உட்கார்ந்து, தான் எழுதிய நிரலை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று தினமும் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

நாலாம் நாள் காலை லேப்டாப்போடு கடைக்கு வந்தார். போர்டு தன் ஒவ்வொரு பறப்பையும் பதிந்து வைக்கும். அதில் அதிர்வு எந்த நாளிலிருந்து கூடியது என்று காட்டினார். ரப்பர் மாற்றிய நாள். பழைய ரப்பர் ஒன்றையும் புதுசு ஒன்றையும் கல்லா மேல் வைத்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழுமலையிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். கலா பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தேன்மொழி லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார்: “ரப்பர் தப்புன்னா ஒரு நாள் வேலைண்ணா. நீங்க போர்டுன்னு சொன்னதால மூணு நாளா நான் என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்.”

பதினொரு வீடு

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்ல ரப்பருக்கு நானே பெங்களூருக்குப் போய் வந்தேன். பதினொரு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு ட்ரோனிலும் என் கையாலேயே மாற்றி, தப்பு என்னுது, போர்டுல ஒண்ணும் இல்லை என்று சொன்னேன். ரெண்டு மூணு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஏழுமலை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். உடைந்த கை, டேங்க் எல்லாம் புதுசாகப் போட்டுக் கொடுத்தேன். அவர், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று மட்டும் கேட்டார். வயித்தெரிச்சல்தான் என்றேன். அவர் ட்ரோனைத் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “பொறாமை எல்லாருக்கும் வரும்ணா. ஆனா சீசன்ல வரக் கூடாது.”

ஓசூர் போன்

அதற்கப்புறம் ஓசூரில் ஒரு பெரிய ட்ரோன் கம்பெனிக்கு தேன்மொழியின் போர்டு பிடித்துப்போனது. அவர்கள் அவரைக் கூப்பிட்டபோது, அங்கே சட்டம் செய்கிற, முகம் தெரியாத எவனோ ஒருவன்மேல் எனக்குப் பொறாமை வந்தது. இனிமேல் அவர் போர்டு அவன் கையில். நான் மறுபடியும் பம்ப் சாமான். என்னையும் சேர்த்துக்கோங்க என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் நான் எதையும் கேட்கவில்லை.

ரெண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஓசூரிலிருந்து போன் வந்தது. போர்டோடு சேர்த்துச் சட்டமும் என்னிடமே வாங்கலாம் என்று இருப்பதாக அந்த மேனேஜர் சொன்னார். நம்பமுடியாமல், என்னைப் பற்றி தேன்மொழியிடம் விசாரித்தீர்களா என்று கேட்டேன். விசாரிச்சோம் என்றார். என்ன சொன்னாங்க என்றேன். கொஞ்சம் தயங்கி, அப்படியே ஒப்பித்தார்: “வேலை சுத்தமா இருக்கும், தப்பு பண்ணா ஒத்துக்குவாரு, ஆனா மூணு நாள் ஆகும்னு சொன்னாங்க சார்.”

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். தினமும் நான் கடை திறக்கும்போது அதுவும் கூடவே உள்ளே வருகிறது, வாடிக்கையாளரிடம் பேச மட்டும் அதை விடுவதில்லை.